மூன்று லைக் வாங்கிய பதில்

அந்தக் கேள்வி வந்தபோது இரவு பத்தரை இருக்கும். கம்ப்யூட்டர் பழுதைப் பற்றிக் கேட்பதற்கும் சொல்வதற்கும் என்று ஏற்பட்ட இணையக் குழு அது. சில ஆயிரம் பேர் இருந்தோம். ஒரு பெண் எழுதியிருந்தார்: "ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. கம்ப்யூட்டரில் காட்டவே மாட்டேன் என்கிறது. அப்பாவின் போட்டோ எல்லாம் இதில்தான் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. என்ன செய்யலாம், யாராவது சொல்லுங்கள்."

பல வருஷமாகப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் நான். 'டிக் டிக்' என்று படித்ததுமே பகீர் என்றது. ஹார்ட் டிஸ்க்குக்குள் வழவழப்பான தட்டு ஒன்று நிமிஷத்துக்கு 5400 முறையோ 7200 முறையோ சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் படிக்கும் ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். ஹெட் கெட்டுப்போனால் தட்டில் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி தேடும், மறுபடி திரும்பும். அந்தப் போக்குவரத்துதான் வெளியே டிக் டிக் என்று கேட்கிறது. ஒவ்வொரு முறை தேடும்போதும் தட்டில் உரசுகிற ஆபத்து உண்டு. உரசிய இடத்தில் இருந்தது போனது போனதுதான்.

உட்கார்ந்து எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆனது. முதல் பத்தியில் ஹார்ட் டிஸ்க் எப்படி இயங்குகிறது என்று விளக்கினேன். இரண்டாவதில் இந்தச் சத்தத்துக்கு என்னென்ன காரணம் இருக்கலாம், மின்சாரம் போதாவிட்டால்கூட இப்படி வரலாம் என்று சொன்னேன். மூன்றாவதில், உள்ளே இருக்கும் தகவல் கெட்டிருக்கிறதா, இயந்திரமே கெட்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது எப்படி என்று எழுதினேன். "உடனே கழற்றி வையுங்கள், இனி ஒரு முறைகூடச் செருகாதீர்கள்" என்ற வரி நான்காவது பத்தியில் இருந்தது. இந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் எழுதி முடித்துப் போடுவதற்குள் நாற்பது பதில்கள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் மேலே நின்றது இது: "டிஸ்க் கடிகாரமாக மாறிவிட்டது. இனி மணி பார்த்துக்கொள்ளுங்கள்." அதன் கீழே நூற்றுக்கும் மேல் சிரிப்பு முகங்கள். "அலாரம் வைக்க முடியுமா ப்ரோ?" என்று அடுத்தவர். இன்னும் கொஞ்சம் கீழே ஒருவர், "உடம்பு சூடு அதிகமாகிவிட்டது. ராத்திரி ஃப்ரீஸரில் படுக்க வையுங்கள், காலையில் எழுந்து ஓடும்" என்று எழுதியிருந்தார். அதற்கும் நல்ல வரவேற்பு.

மறுநாள் காலையில் என் பதிலைப் பார்த்தேன். மூன்று லைக். அதில் ஒன்று என் நண்பருடையது.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. "அண்ணா, உங்கள் பதிலை இப்போதுதான் பார்த்தேன். ஃப்ரீஸரில் வைத்து எடுத்துப் பார்த்தேன். இப்போது சத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?" அது விளையாட்டுக்குச் சொன்னது அம்மா என்று நான் எழுத, "தேடிப் பார்த்தபோது பல பேர் அதையே சொல்லியிருந்தார்களே" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பழைய காலத்து டிஸ்க்குகளில் உள்ளே ஏதாவது சிக்கிக்கொண்டால், குளிரில் உலோகம் சுருங்கி விடுபடும் என்று ஒரு கைவைத்தியம் வெகுநாள் சுற்றிவந்தது. அதனால்தான் தெரிந்தவர்களுக்கு அந்த ஜோக் இரட்டிப்பாகச் சிரிப்பு மூட்டியது. தெரியாதவருக்கு அது மருத்துவக் குறிப்பு போலவே இருந்தது. குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும். பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்றழுத்தம் சரியாக இருக்கச் சின்னத் துவாரம் ஒன்று உண்டு, உள்ளேயும் ஈரம் கோத்துக்கொள்ளலாம். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஃப்ரீஸர்தான் கெடுத்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஹெட் முதலிலேயே போயிருந்தது. ஆனால் அந்த நான்கு நாளில் இருபது முப்பது தடவையாவது செருகிப் பார்த்திருக்கிறார். தகவல் மீட்பவர்களிடம் கொடுத்ததில் கொஞ்சம் போட்டோக்கள் கிடைத்தன. அப்பா இருக்கும் படங்களில் பாதிக்கு மேல் வரவில்லை என்று பின்னால் சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. குழுவில் காரமாக ஒரு பதிவு போட்டேன். ஒருவர் உயிர் போகிற மாதிரி கேட்கிறார், உங்களுக்கு விளையாட்டா என்று. பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள், பாதிப் பேர் இதைக்கூடவா சீரியஸாக எடுப்பது என்றார்கள், இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் கடிகார ஜோக் எழுதியவர் எனக்குத் தனியாக எழுதினார். "அண்ணே, எனக்குப் பதில் தெரியாது. பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. ஏதாவது சொல்லணும்னு தோணுச்சு, இதுதான் வந்தது."

அந்த மூன்று வரிதான் என்னை யோசிக்க வைத்தது. அதுவரை ஜோக் அடிப்பவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்றே நினைத்திருந்தேன். இவரோ, உதவ ஆசைப்பட்டவர். கையில் உதவி இல்லை, சிரிப்பு இருந்தது, அதைக் கொடுத்துவிட்டார். குழுவில் இருந்த சில ஆயிரம் பேரில் டிஸ்க்கின் ஹெட் பற்றித் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். மற்ற எல்லோரும் அவர் நின்ற இடத்தில்தான் நின்றார்கள்.

அங்கிருந்துதான் கணக்கு எனக்குப் புரிய ஆரம்பித்தது. என் பதில் சரியா தப்பா என்று சொல்ல விஷயம் தெரிய வேண்டும். தெரியாதவர் லைக் போடத் தயங்குவார், தப்பான ஒன்றுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதாகிவிடுமோ என்று. ஜோக்குக்கு அந்தத் தயக்கம் கிடையாது. சிரிப்பு வந்தால் அது நல்ல ஜோக், அவ்வளவுதான், ஒவ்வொருவரும் அதற்கு நீதிபதி. நார்த்கோட் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1957இல் இதற்கு நெருங்கிய ஒன்றை எழுதினார். ஒரு கமிட்டி, ஒரு கோடி பவுண்டு செலவாகும் அணு உலைக்கு இரண்டரை நிமிஷத்தில் ஒப்புதல் தந்துவிடுகிறது. அப்புறம் 350 பவுண்டு சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் விவாதிக்கிறது. அணு உலை யாருக்கும் புரியாது, சைக்கிள் கொட்டகை எல்லோருக்கும் புரியும். அவர் சொன்னது கற்பனைக் கமிட்டிதான். ஆனால் அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்த எவருக்கும் அது பழகிய காட்சியாக இருக்கும். என் பதில் அணு உலை. கடிகார ஜோக் சைக்கிள் கொட்டகை.

நேரமும் சேர்ந்துகொள்கிறது. போனைக் கையில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு ஒரு வரி ஜோக்கைப் படிக்க இரண்டு விநாடி போதும். படித்த கையோடு சிரிப்பு, சிரித்த கையோடு அழுத்தல். நீளமான பதிலைப் பார்த்தால் 'அப்புறம் படிக்கலாம்' என்று நகர்ந்துவிடுவார். அந்த அப்புறம் வராது. எழுதும் பக்கமும் இதே கதை. ஜோக் அரை நிமிஷத்தில் தயார், பதிலுக்கு எனக்கு முக்கால் மணி நேரம். நான் போடும் நேரத்தில் கூட்டம் வந்து, சிரித்து, கலைந்துவிட்டிருந்தது.

முதலில் வந்தது மேலே நிற்பது சின்ன விஷயம் இல்லை. லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். செய்திகளைப் பகிர்ந்து பேசும் தளம் ஒன்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பின்னூட்டங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலவற்றுக்குப் போட்ட உடனேயே ஒரே ஒரு ஆதரவு ஓட்டு சேர்த்தார்கள், சிலவற்றுக்கு ஒரு எதிர் ஓட்டு, மற்றவற்றைச் சும்மா விட்டார்கள். ஒரு ஆதரவு ஓட்டை இனாமாகப் பெற்றவற்றுக்கு அடுத்துப் பார்த்தவர் ஆதரவு ஓட்டுப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசியில் அவற்றின் மொத்த மதிப்பும் சராசரியாக 25 சதவீதம் கூடுதலாக நின்றது. ஒரே ஓட்டு செய்த வேலை இது. ஜோக்குக்கு முதல் ஐந்து நிமிஷத்திலேயே இருபது சிரிப்பு விழுந்துவிடுகிறது என்றால், அப்புறம் அது எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரி. ஆனால் என்னை அதிகம் தொட்டது வேறொன்று. ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் மனிதர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று பொது இடங்களில் போய் நின்று குறித்துக்கொண்டார். 1200 சிரிப்புகளைச் சேகரித்துப் பார்த்தால், ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானதுதான் ஜோக் மாதிரி எதையாவது கேட்டு வந்தது. மற்றதெல்லாம் 'சரி, அப்புறம் பார்க்கலாம்', 'உன்னைப் பார்த்ததில் சந்தோஷம்' போன்ற சாதாரணப் பேச்சுக்கு. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்றும் கண்டார். அதாவது சிரிப்பின் முதல் வேலை 'நானும் உங்களோடு இருக்கிறேன்' என்று காட்டுவது. இதைப் படித்த பிறகு அந்த நூறு சிரிப்பு முகங்களை வேறு மாதிரி பார்க்க முடிந்தது. அவர்கள் அந்த ஜோக்குக்கு மார்க் போடவில்லை. ராத்திரி பத்தரை மணிக்குத் தனித்தனி அறைகளில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஒரு நிமிஷம் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஜோக்கைத் திட்டியே பழகியிருந்த எனக்கு இது தேவைப்பட்ட பாடம். குழுவில் ஆட்கள் தங்குவதே இந்தச் சிரிப்பால்தான். ஆள் தங்கினால்தான் நாளைக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தவர் அங்கே இருப்பார்.

நல்ல பதிலுக்குக் கிடைக்கும் நன்றி எங்கே போகிறது என்பதையும் கவனித்தேன். பதில் வேலை செய்தால் கேட்டவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். திரும்பி வந்து லைக் போட அவருக்கு நினைவு இருக்காது. இன்னும் சிலர் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள், சிலர் படமெடுத்து வீட்டில் உள்ளவருக்கு அனுப்புகிறார்கள். அது எதுவும் எண்ணிக்கையில் ஏறாது. இன்னொன்று, நல்ல பதில் பேச்சை முடித்துவிடும். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்று மற்றவர்கள் விலகுவார்கள். ஜோக்கோ அடுத்த ஜோக்குக்கு இலை போட்டு உட்கார வைக்கும்.

பொத்தானின் பங்கும் இருக்கிறது. ஃபேஸ்புக்கில் லைக் வந்தது 2009இல், சிரிப்பு முகமும் மற்ற முகங்களும் 2016இல். அடுத்த வருஷம் அந்த முகங்களில் ஒவ்வொன்றையும் ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்காகக் கணக்கில் எடுத்து, எந்தப் பதிவு மேலே வர வேண்டும் என்று தீர்மானித்தார்கள் என்பது 2021இல் அந்நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வழியாக வெளியே வந்தது. பின்னர் அந்த எடையைக் குறைத்துவிட்டார்கள். 'இது எனக்கு உதவியது' என்று அழுத்த ஒரு முகம் மட்டும் அந்த வரிசையில் இல்லவே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை. சிரிப்பில் பல ரகம் உண்டு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரியும் வகைகளைச் சொல்லும்போது நகையைத்தான், சிரிப்பைத்தான், முதலில் வைக்கிறது. அந்த நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. அதில் எள்ளல் முதலில் நிற்பதை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறரை இகழ்ந்து சிரிப்பதும் எள்ளல்தான், பிறர் தன்னை இகழ்வதால் வரும் சிரிப்பும் எள்ளல்தான் என்று உரையாசிரியர்கள் விரிப்பார்கள். கேள்வி கேட்டவரைச் சேர்த்துக்கொண்டு சிரிப்பது ஒன்று, அவரை நடுவில் நிறுத்தி வைத்துச் சிரிப்பது ஒன்று. இரண்டுக்கும் எண்ணிக்கையில் ஒரே சிரிப்பு முகம்தான் விழும். அந்தப் பெண்ணிடம் பின்னால் கேட்டேன், ஏன் அங்கேயே மறுபடி கேட்கவில்லை என்று. "எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், மறுபடி கேட்க வெட்கமாக இருந்தது அண்ணா" என்றார். அந்த வெட்கத்தில்தான் நான்கு நாள் போயிற்று.

ஜோக்கை உண்மை என்று எடுத்துக்கொண்டதற்காகச் சிலர் அவரைக் குறை சொன்னார்கள். அவர்களுக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டர் வழியாக எழுதிக்கொள்ளும் அறிவிப்புப் பலகையில் ஒரு இயற்பியல் கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. கம்பி அறுந்து விழும் லிஃப்டுக்குள் ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு துளி பாதரசமும் இருந்தால் அவற்றுக்கு என்ன ஆகும் என்று. நடுவில் ஒருவர் விளையாட்டாக, பரிசோதனையால் ஒரு லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று எச்சரிக்கை எழுதினார். முதலில் இருந்து படிக்காத சிலர் அதை நிஜம் என்றே நம்பிவிட்டார்கள். அப்புறம், ஜோக்கை ஜோக் என்று காட்ட ஒரு அடையாளம் வேண்டும் என்று பேச்சு வந்தது. செப்டம்பர் 19ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் என்ற கம்ப்யூட்டர் அறிவியலாளர், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கும் முகத்தை முன்வைத்தார். இன்றைக்கு நாம் அழுத்தும் முகங்களுக்கெல்லாம் மூத்தது அது. எழுத்தில் குரல் தெரியாது, முகம் தெரியாது. பல்கலைக்கழகத்தில் இருந்தவர்களே ஏமாந்தார்கள் என்றால், பதற்றத்தில் இருக்கும் ஒருவர் ஃப்ரீஸரை நம்பியதில் என்ன தப்பு?

இதெல்லாம் தெரிந்த பிறகு நான் உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் எதிர்ப்பக்கம் போனேன். என் பதில்களிலும் ஜோக் சேர்த்தேன். எனக்குச் சிரிக்க வைக்கும்படி எழுத வரும், அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. லைக் மளமளவென்று ஏறியது. மூன்று வாங்கியவன் முந்நூறு வாங்கினேன். காலையில் எழுந்ததும் கை தானாகப் போனைத் தேடும். கொஞ்ச நாளில் ஒரு மாற்றம் தெரிந்தது. கேள்வியைப் படிக்கும்போதே அதில் எங்கே ஜோக் இருக்கிறது என்று மனம் தேட ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் ஒரு மாணவர், நாளைக் காலையில் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும், லேப்டாப் திறக்கவில்லை என்று எழுதியிருந்தார். நான் தட்டச்சு செய்திருந்த முதல் வரி ஜோக். நல்ல ஜோக்தான். அனுப்பும் இடத்தில் விரல் இருக்கும்போது அந்த டிக் டிக் நினைவுக்கு வந்தது. அழித்தேன். அந்த வரி அவருக்காக எழுதியதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுற்றி நின்று பார்ப்பவர்களுக்காக எழுதியது. அந்த முந்நூறு லைக்கும் யாருக்காக எழுதி வாங்கியது என்பதும் அப்போதே தெரிந்தது.

இப்போது நான் எழுதும் முறையைச் சொல்கிறேன். யாருக்காவது உதவலாம்.

முதல் வரியில் செய்ய வேண்டியது இருக்கும். 'உடனே கழற்றி வையுங்கள், மறுபடி செருகாதீர்கள்.' வேறொன்றும் இல்லை. நான்காவது பத்தியில் நான் புதைத்து வைத்த அந்த வரியைப் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பதில் கீழே போனதற்கு ஜோக்குகள் ஒரு காரணம். மேலேயே இருந்திருந்தாலும், பதற்றத்தில் இருக்கும் ஒருவர் மூன்று பத்தி விளக்கத்தைத் தாண்டி அங்கே வந்திருப்பாரா? எனக்குத் தெரிந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்ல ஆசைப்பட்டேன், அவருக்கு எது முதலில் வேண்டும் என்று பார்க்கவில்லை. இது முழுக்க என் தப்பு.

அந்த முதல் வரியை மட்டும் எழுதி உடனே போட்டுவிடுகிறேன். 'விளக்கம் பின்னால் எழுதுகிறேன்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். கூட்டம் இருக்கும்போதே அது நின்றுகொள்ளும். முக்கால் மணி நேரப் பதிலை அதன் கீழே நிதானமாகச் சேர்க்கலாம், அதே பதிவைத் திருத்தியும் எழுதலாம். ஆபத்தான விஷயமாக இருந்தால் கேட்டவரின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுகிறேன், அவருக்கு நோட்டிஃபிகேஷன் போகட்டும் என்று. ஃப்ரீஸர் மாதிரி ஜோக் கண்ணில் பட்டால் அதற்குக் கீழேயே, யாரையும் கடிந்துகொள்ளாமல், 'இது விளையாட்டு, செய்துவிடாதீர்கள்' என்று எழுதிவிடுகிறேன். ஜோக் எழுதியவரே பெரும்பாலும் ஒரு லைக் போட்டு ஒத்துக்கொள்வார்.

இரண்டு நாள் கழித்து 'என்ன ஆச்சு?' என்று கேட்பேன். இது எனக்குக் கிடைத்த நல்ல பழக்கம். கேட்டால்தான் என் பதில் வேலை செய்ததா என்று எனக்கே தெரிகிறது. 'சரியாகிவிட்டது, நன்றி அண்ணா' என்று அவர் எழுதினால் அந்த ஒரு வரி அடுத்து வந்து படிப்பவருக்கு நூறு லைக்கைவிட அதிகம் சொல்லும். லைக் எண்ணிக்கையை நான் இப்போது பார்ப்பதே இல்லை என்று சொன்னால் பொய். பார்க்கிறேன். ஆனால் அது எத்தனை பேர் கடந்து போனார்கள் என்பதைச் சொல்லும் எண் என்று தெரிந்துதான் பார்க்கிறேன்.

ஜோக்கை விடவில்லை. பிரச்சினை தீர்ந்த பிறகு அடிக்கிறேன். கேட்டவர் தானே சிரித்துப் பேச ஆரம்பித்தால் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். அப்போது வரும் சிரிப்பு ரொம்ப நல்ல சிரிப்பு.

எங்கள் குழுவின் அட்மினிடமும் பேசினேன். ஜோக்கைத் தடை செய்யக் கேட்கவில்லை, செய்திருந்தால் குழுவே காலியாகியிருக்கும். 1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பத் தளத்தில் பின்னூட்டங்களுக்கு வெறும் ஓட்டு மட்டும் கிடையாது. இது தகவல் தருகிறது, இது ஆழமானது, இது வேடிக்கையானது என்று பெயர் குறித்துத்தான் மதிப்பிடுவார்கள். வேடிக்கை என்று குறித்தால் அந்தப் பின்னூட்டம் மேலே வரும், ஆனால் எழுதியவரின் நற்பெயர்க் கணக்கில் ஒன்றும் ஏறாது. ரெட்டிட் என்ற இணையத் தளத்தில் வரலாற்றுக் கேள்விகளுக்கென்றே இருக்கும் குழு இன்னும் கறார், வெறும் ஜோக்காக இருக்கும் பதிலை எடுத்துவிடுவார்கள். எங்களுக்கு இரண்டும் ஒத்துவராது. ஆகவே ஒரு எளிய ஏற்பாடு செய்தோம். 'அவசரம்' என்று குறியிட்ட கேள்வியில் முதல் ஒரு மணி நேரம் பதில் மட்டும். அதற்கப்புறம் எப்படியும் பேசிக்கொள்ளலாம். சரியான பதிலை அட்மின் மேலே குத்தி வைப்பார். மீறுகிறவர்கள் இருக்கிறார்கள், இருந்தாலும் பரவாயில்லை. கடிகார ஜோக் எழுதிய தம்பிதான் இப்போது அந்த ஒரு மணி நேரத்தைக் காவல் காக்கிறார். பதில் தெரியாத கேள்வியில், தெரிந்தவர்களின் பெயரைக் குறிப்பிட்டுக் கூப்பிட்டு விடுகிறார். சும்மா போக மனசு வராதவருக்கு அது நல்ல வேலை.

வாசிக்கிறவர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. ஒரு பதில் உங்களுக்கு உதவினால் அங்கேயே ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். 'செய்து பார்த்தேன், சரியானது' என்ற அந்த வரியால் விஷயம் தெரியாதவர்களுக்கும் அதை நம்பத் தைரியம் வரும்.

போன மாதம் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. டிக் டிக் என்று தேடியிருக்கிறார், அந்தப் பழைய கேள்வி கிடைத்திருக்கிறது, நாற்பது ஜோக்கையும் தாண்டிக் கீழே போய் என் பதிலைப் படித்திருக்கிறார். நான் அதைத் திருத்தி எழுதி வெகுநாள் ஆகிறது, முதல் வரி இப்போது சரியான இடத்தில் இருக்கிறது. "கழற்றி வைத்துவிட்டேன் சார். ஒரே ஒரு தடவைதான் செருகினேன். அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டிருந்தார். நல்ல வேளை என்று எழுதிவிட்டு, அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.